புது விமானத்தின் மூலமலம்

புதுப் பொருளில் குறை இருக்காது என்று நினைக்கிறவர்கள், அந்தப் பொருள் செய்யப்படும் கொட்டகைக்குள் போய்ப் பார்த்திராதவர்கள். என் பிழைப்பு அந்த நினைப்பின்மேல்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் விமான மெக்கானிக்காக இருக்கிறேன். சொந்த உபயோகத்துக்குச் சிறு விமானம் வாங்குகிறவர்கள், கடைசித் தவணையைக் கட்டிப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுமுன், தங்கள் சார்பில் அதைத் திறந்து பார்த்துச் சொல்ல என்னைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போவார்கள். ஒற்றை என்ஜின், நாலு இருக்கை என்றாலும் சிலவற்றின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அவ்வளவு பணம் கொடுத்தவர், பெயிண்ட் வாசனை போகாத விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, “புதுசுதானே, இதுல பாக்க என்ன இருக்கு?” என்பார். கேட்காதவர் குறைவு.

பார்க்க நிறைய இருக்கிறது. இறக்கைக்குள் பெட்ரோல் நிற்கும் அறையில், துளை போட்டபோது விழுந்த அலுமினியத் துருவல் அப்படியே கிடக்கும். முதல் தடவை வடித்துக் குப்பியில் பிடித்தால் அடியில் மினுக்கும். இருக்கைக்கு அடியில், கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடும் பள்ளத்தில், யாரோ தவறவிட்ட திருகு ஒன்று உருண்டுகொண்டிருக்கும். நட்டை முறையான விசையில் முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக அதன்மேல் ஒரு வண்ணக்கோடு இழுப்பது வழக்கம். பத்து நட்டில் ஒன்பதில் கோடு இருக்கும், பத்தாவதில் இருக்காது. அந்தப் பத்தாவது முறுக்கப்பட்டும் இருக்கலாம், படாமலும் இருக்கலாம். போல்ட் அவிழாமலிருக்கக் கட்டும் சேஃப்டி வயரை எதிர்த்திசையில் கட்டி, அது அவிழ்வதற்கே உதவி செய்திருப்பார்கள். எண்ணெய்க் குழாய் என்ஜின் தாங்கியில் உரசிக்கொண்டிருக்கும்; இன்றைக்கு வெறும் உரசல், சில நூறு மணி நேரம் பறந்தபின் ஓட்டை. விமானத்தின் வெளித்தோலில் காற்றழுத்தத்தை உணர்வதற்குச் சிறு துளைகள் உண்டு. அவற்றைப் பெயிண்ட் அடைத்திருந்தால் உயரமானியும் வேகமானியும் பொய் சொல்லும். 1996 அக்டோபரில் ஏரோபெரு நிறுவனத்தின் 603ஆம் விமானம் லிமாவிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பிக் கடலில் விழுந்தது. கழுவித் துடைத்தபோது அந்தத் துளைகளின்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். 70 பேர் போனார்கள். சுத்தமாகத் துடைத்த விமானம் அது.

நான் போய்வந்த தொழிற்சாலைகளின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். எந்த மாநிலம் என்று சொன்னாலே நிறுவனம் தெரிந்துவிடும், அவ்வளவு சின்ன உலகம் இது. தவிர, இது ஏதோ ஒரு தொழிற்சாலையின் குறை அல்ல. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் 68 சதவீதத்துக்குப் பழுதாகும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது புதிதாகப் பொருத்திய காலத்தில்தான். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் பிறகு வயதுக்கும் பழுதுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்கரைக் காவல் விமானங்களைக் கணக்கெடுத்த வாடிங்டன் என்ற உயிரியலாளர், அவை அதிகமாகப் பழுதாவது பராமரிப்பு முடிந்து வெளியே வந்த கையோடுதான் என்று காட்டியிருந்தார். செய்த கையும் சரி, சரிசெய்த கையும் சரி, கை பட்ட இடத்தில் குறை நுழைகிறது. என் கைக்கும் இது பொருந்தும் என்பதால், கழற்றிய திருகுகளை எண்ணித்தான் தட்டில் போடுவேன்.

இதற்குள் சமயம் நுழைந்தது ஒரு குழந்தை மருத்துவரால். மதுரைக்காரர், டெக்சாஸில் நெடுநாளாக இருக்கிறார். தொழிற்சாலைக்கு அவர் கொண்டுவந்த பையில் குங்குமம், சூடம், நாலு எலுமிச்சம்பழம். சக்கரம் மூன்றுதானே, நாலாவது பழம் எதற்கு என்று கேட்டேன். “ப்ரொப்பெல்லருக்கு, தம்பி” என்றார். சூடம் மட்டும் வேண்டாம், பெட்ரோல் நிற்கிற இடம் என்றேன். ஒத்துக்கொண்டார். எனக்கு இதில் கேலி இல்லை. 2019இல் விஜயதசமி நாளன்று பிரான்சின் மெரினியாக்கில் இந்தியாவின் முதல் ரஃபேல் போர் விமானத்தை வாங்கப் போன பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், அதன்மேல் ஓம் எழுதி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஏறினார். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வானத்தில் ஏற்றிப் போகப் போகிற இரும்பிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில் என்ன தப்பு?

எங்களுக்குள் தகராறு நேரத்தைப் பற்றித்தான். காலையில் நல்ல நேரம் இருக்கிறது, முதலில் பூஜை, அப்புறம் நீங்கள் திறந்து பாருங்கள் என்றார். நான் முதலில் திறக்க வேண்டும் என்றேன். பொட்டு வைத்துக் கும்பிட்ட பொருளை “இது வேண்டாம்” என்று சொல்ல மனிதனுக்கு வாய் வராது. குங்குமம் ஏறிவிட்டால் அது உங்கள் வீட்டு விமானம். அதற்கப்புறம் நான் காட்டுகிற குறையெல்லாம் உங்களுக்கு அபசகுனமாகத்தான் படும். டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். “நானும் பொறந்த கொழந்தைய நல்லாப் பொரட்டிப் பாத்துட்டுத்தான் பாட்டி கையில குடுப்பேன். சரி, நீங்க பொரட்டுங்க” என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இடது இறக்கையின் அடியில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு மூடியைக் கழற்றி, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும்போது தென்பட்டது. இறக்கையின் குறுக்கு விலாவான ரிப்பில் ஒரு ரிவெட்டைச் சுற்றி, சீலன்ட் பசை தேவைப்படாத இடத்தில் பசை தடவியிருந்தது. வெளிப்புறம் ரிவெட்டின் தலை அழகாக, பெயிண்ட் பூசி, மற்றவற்றோடு ஒரே வரிசையில் இருந்தது. உள்ளே அதன் வால் ஒருபக்கமாகச் சாய்ந்து நசுங்கியிருந்தது. பசையைச் சுரண்டச் சொன்னேன். ஒன்றையொன்று கடிக்கிற இரண்டு துளைகள், எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்த மாதிரி. துளைக்கருவி முதலில் வழுக்கியிருக்கிறது. பக்கத்திலேயே மறுபடி போட்டு, ரிவெட்டை அடித்து, மீந்த பிளவைப் பசையால் பூசிவிட்டார்கள்.

துளை தவறிப்போவது பெரிய பாவம் அல்ல. எல்லாத் தொழிற்சாலையிலும் அதற்கு வழி இருக்கிறது: வேலையை நிறுத்தி, தவறிவிட்டது என்று ஒரு சீட்டு எழுதினால், பொறியாளர் வந்து பார்ப்பார். விளிம்புக்கு இடம் இருந்தால் ஓர் அளவு பெரிய ரிவெட் போடச் சொல்வார். இல்லாவிட்டால் தகட்டுப் பட்டை ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்வார். விமானத்தின் காகிதங்களோடு அந்தச் சீட்டும் சேரும். அப்படி எத்தனையோ சீட்டுகளோடு பறக்கிற விமானங்கள் உண்டு, ஒரு குறையும் இல்லை. இதற்குச் சீட்டு இல்லை.

டாக்டர் முதலில் கேட்டது “யார் செஞ்சது?” என்றுதான். மேலாளர் வந்து பார்த்துவிட்டு, இறக்கையின் அந்தப் பகுதி வெளியிலிருந்து வருகிறது, எங்கள் ஆட்கள் போட்ட துளை அல்ல என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னார். இதயத்தில் ஓட்டையோடு பிள்ளை பிறந்தால் பெற்றவர்கள் முதலில் கேட்பதும் இதுதானாம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? அப்பா வீட்டுப் பக்கமா, அம்மா வீட்டுப் பக்கமா? சில வீடுகளில் பாட்டி ஒருத்தி இருப்பாள், போன பிறவி வினை என்று பெருமூச்சு விடுவாள். தாய் அதைக் கேட்டுக்கொண்டு படுக்கையில் கிடப்பாள். “அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும், தம்பி. ரெண்டு நாள் கொழந்தைக்கு என்ன வினை?”

நான் மாயவரத்துப் பக்கத்துக்காரன். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்து படித்தவர். வாரம் ஒருமுறை போனில் பேசும்போது உடம்பு, வெயில், சித்தாந்தம் என்ற வரிசையில்தான் பேச்சு போகும். டாக்டர் கேட்டதை அவரிடம் அப்படியே கேட்டேன். “வினைன்னு யார் சொன்னா? கன்மத்தையும் ஆணவத்தையும் போட்டுக் கொழப்பிக்காதேப்பா” என்று ஆரம்பித்தார்.

சித்தாந்தத்தில் உயிரைக் கட்டியிருக்கும் மலங்கள் மூன்று: ஆணவம், கன்மம், மாயை. கன்மம் செய்ததனால் வருவது. அதற்குச் செய்தவன் ஒருவன் உண்டு. ஆணவம் அப்படி இல்லை. உயிர் என்றைக்கு உண்டோ அன்றைக்கே அதுவும் உண்டு. அதை யாரும் செய்யவில்லை, இறைவனும் செய்யவில்லை. மூலமலம் என்று அதற்குப் பெயர். செம்பில் களிம்பு போல என்பது பழைய உவமை. களிம்பு வெளியிலிருந்து ஒட்டியதல்ல, செம்பு உள்ளபோதே உள்ளது என்பது வாதம்.

உவமை எனக்கு முழுக்க ஒப்பவில்லை. களிம்பு காற்றும் ஈரமும் பட்டு வருவது என்பது பத்தாம் வகுப்புப் பாடம். ஆனால் அப்பாவுக்கு ஒரு விஷயம் சொன்னேன், குதூகலித்துப்போனார். விமானத்தின் தோலுக்கு நாங்கள் பயன்படுத்தும் 2024 என்ற அலுமினியக் கலவையில் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல் செம்பு இருக்கிறது. அலுமினியத்துக்கு அந்த உறுதியைத் தருவதே செம்புதான். எளிதில் அரித்துப்போகும் குணத்தைத் தருவதும் அதே செம்புதான். அதனால் தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய போர்வையாக ஒட்டுகிறார்கள். எந்தத் தொழிலாளியும் பிழை செய்யாத இடத்திலும் ஒரு குறை, பலத்தோடு சேர்ந்தே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. “பாத்தியா, செம்பு அங்கேயும் வந்துட்டுது” என்றார் அப்பா.

டாக்டர் இதற்கெல்லாம் மசியவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் செத்தபின் 1779இல் வெளிவந்த சமய உரையாடல்களைப் படித்தவர் அவர். உலகத்தைப் பார்த்துக் கடவுளை ஊகிப்பதானால், அரைகுறையாகச் செய்து பழகிய ஒருவனையும் ஊகிக்க இடமிருக்கிறதே என்று ஹியூம் அதில் ஒரு பாத்திரத்தின் வாயால் கேட்கிறார். சித்தாந்தம் இதற்குக் குயவனைக் காட்டும்: இறைவன் நிமித்த காரணன், குயவனைப் போல, மண் அவன் செய்ததல்ல. மண்ணின் குறை குயவனுடையதல்ல. டாக்டர் முகம் மலர்ந்தார். “அப்ப உங்க சிவன் ஃபைனல் அசெம்பிளி மட்டும்தான் பண்றார். பார்ட்ஸ் சப்ளையர் வேற. காலையில அந்த மேனேஜர் சொன்னதும் இதையேதானே!”

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. அமெரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் கறார். உற்பத்திச் சான்றிதழ் வாங்கியவர், தனக்கு வந்துசேரும் உறுப்புகளும் வரைபடத்துக்கு ஒத்திருக்கின்றனவா என்பதற்குப் பொறுப்பு. சப்ளையரைக் காட்டித் தப்ப முடியாது. சித்தாந்தம் இறைவனுக்குக் கொடுக்கிற சலுகையை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. எந்தத் தொழிற்சாலைக்கும் கொடுப்பதில்லை. ஆனால் அதே சட்டத்தில், துளையைப் போட்டது யார் என்று கேட்காத ஒரு பகுதியும் இருக்கிறது. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது முதன்மையாக உடைமையாளர் பொறுப்பு. இன்றைக்கு அது பறக்கத் தகுந்ததா என்று முடிவு செய்வது அதை ஓட்டுகிற விமானியின் பொறுப்பு. குறை எங்கிருந்து வந்திருந்தாலும், ஏறி உட்கார்ந்தபின் அது உன்னுடையது. டாக்டர் இதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றார். பெற்றவர்களிடம் அவர் கடைசியில் சொல்வதும் இதைத்தானாம்: யாரால் என்பதை விடுங்கள், ஆறாம் மாதம் ஆபரேஷன்.

ஆனால் பசை? துளை வழுக்கியதை மூலமலத்தின் கணக்கில் எழுதலாம். பசை தடவியது யார் கணக்கு? இந்த இடத்தில்தான் அப்பா எனக்கு வேண்டியதைச் சொன்னார். ஆணவத்தை அழுக்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் தொழில் அழுக்காக்குவதல்ல, மறைப்பது என்றார். பதினான்காம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவம், திருவருட்பயன் என்ற நூலில் ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு, இருள் அதைவிட மேல் என்கிறார். இருட்டு மற்றப் பொருளை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிவிடுகிறது. இருட்டாயிருக்கிறது என்று உனக்குத் தெரியும், விளக்கைத் தேடுவாய். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அது இருப்பதே தெரியாததால் விளக்கைத் தேடவே தோன்றாது.

விமானத் தொழிலில் இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2024 ஜனவரி 5ஆம் தேதி, அலாஸ்கா ஏர்லைன்ஸின் 1282ஆம் விமானம் போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில், பக்கச் சுவரில் கதவுக்கான இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. 737 மேக்ஸ் 9 வகை. விமான நிறுவனத்தின் கைக்கு வந்தது முந்தைய அக்டோபர் 31ஆம் தேதிதான். உயிரிழப்பு இல்லை, அது அதிர்ஷ்டம். பலகை போர்ட்லாந்தில் ஓர் ஆசிரியரின் கொல்லையில் கிடந்தது. விசாரணையில் தெரிந்தது இது: உடற்கூடு எங்கள் விச்சிட்டாவில் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் ஆலையில் செய்யப்பட்டது. ரென்டனில் போயிங் ஆலைக்குப் போனபோது பலகைக்குப் பக்கத்தில் ஐந்து ரிவெட்டுகள் சரியில்லை என்று கண்டுபிடித்தார்கள். அது சீட்டில் இருக்கிறது. ரிவெட்டுகளைச் சரிசெய்யப் பலகையைத் திறந்தார்கள். திறந்ததற்குச் சீட்டு இல்லை. திரும்ப மூடியபோது அதைப் பிடித்து நிறுத்தும் நாலு போல்ட்டுகளைப் போடவில்லை. அதன்மேல் உள்சுவர்ப் பலகை ஏறியது, இருக்கைகள் வந்தன. சீட்டில் ஏறிய ஐந்து ரிவெட்டுகள் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. திறந்ததே எழுதப்படவில்லை என்பதால், போல்ட் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விளக்கைத் தேட முகாந்திரமே இல்லை.

அதனால்தான் குறைகள் எழுதிய பட்டியலோடு வருகிற விமானம் எனக்குப் பயம் தருவதில்லை. எங்கள் பேச்சில் அந்தப் பட்டியலில் ஏறும் ஒவ்வொன்றும் ஒரு ஸ்க்வாக். நாற்பது ஸ்க்வாக் உள்ள விமானத்தை வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பட்டியலை நீட்டினால் கூடுதலாகச் சில மூடிகளைக் கழற்றுவேன்.

அப்பாவிடம் இதைச் சொல்லி, மறைப்பதெல்லாம் ஆணவம்தானே என்றபோது அவர் தடுத்தார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனுக்கு ஐந்தொழில் சொல்லும்போது நாலாவது மறைத்தல். திரோதானம். அவனும் மறைக்கிறான். மலங்களின் பட்டியலை ஐந்தாக விரித்துச் சொல்கிறபோது திரோதாயி என்று இதையும் அதில் சேர்ப்பார்கள், உபசாரமாக. மலத்தைத் தொழில்படுத்திப் பழுக்கவைப்பதால் அந்தப் பெயர். உள்ளபடி அது அருள்தான். மலம் பழுத்து மலபரிபாகம் வந்தபின் அதே சக்தி அருட்சக்தியாக மாறும் என்பது நூல்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பசை தடவியவன் இதைப் படித்திருந்தால் நானும் திரோதானம்தான் செய்தேன் என்பானே? ஆனால் பழுக்கவைப்பது என்பது எனக்குத் தெரிந்த காரியம். புது என்ஜினுக்கு முதலில் பெரும்பாலும் வழக்கமான எண்ணெய் ஊற்றுவதில்லை. அழுக்கைச் சுமக்கும் சேர்மானங்கள் இல்லாத வெறும் கனிம எண்ணெயை ஊற்றி, முதல் 25, 50 மணி நேரம் கொஞ்சம் கடுமையாகவே ஓட்ட வேண்டும். உள்ளே வளையங்களும் உருளைச் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துச் சமமாக வேண்டும். அதிகம் காப்பாற்றினால் தேயாது. தேயாவிட்டால் ஆயுளுக்கும் எண்ணெய் குடிக்கும். முதல் வடிகட்டியை வெட்டிப் பிரித்தால் உலோகப்பொடி இல்லாமல் இருக்காது. காந்தத்தை வைத்துப் பார்ப்போம்: எவ்வளவு, எந்த உலோகம்? அடுத்த வடிகட்டியில் குறைந்திருக்கிறதா? அங்கே மறைவுக்கு ஒரு கெடு இருக்கிறது, கெடு முடிந்தால் திறந்து பார்க்கிறோம். 2023 பிப்ரவரியில் கான்டினென்டல் நிறுவனம், ஏறக்குறைய இருபது மாதமாகச் செய்த என்ஜின்கள் சிலவற்றில் கிராங்க் தண்டின் எதிரெடையைப் பிடிக்கும் வளையம் சரியாக உட்காரவில்லை என்று தானே அறிவித்தது. அந்த என்ஜின் பூட்டிய விமானங்களைச் செய்யும் சிரஸ் நிறுவனம் தன் சொந்த விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது. உலகமெங்கும் உடைமையாளர்கள் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க நேர்ந்து திட்டினார்கள். நான் அந்த அறிவிப்பை மரியாதையோடு படித்தேன்.

திரோதானம் எனக்குப் பிடிபட்டது இதிலும் இல்லை. அன்று சாயங்காலம் நடந்ததில்தான். ஹேங்கருக்கு வெளியே கை கழுவும் இடத்தில் ஒரு தொழிலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்தபடியே, என்னைப் பார்க்காமல், “அடுத்த ரிப்பையும் பார்த்துவிடுங்கள்” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சட்டையில் பெயர் தைத்திருந்தது. நான் படிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் அடுத்த மூடியைக் கழற்றினோம். அங்கேயும் பசை, அங்கேயும் எட்டு. தரக்கட்டுப்பாட்டு மேலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்த மூடி உங்கள் சோதனைப் படிவத்தில் இல்லையே, எதனால் திறந்தீர்கள் என்றார். ஒரு குறை கண்டால் அக்கம்பக்கத்தைப் பார்ப்பது வழக்கம் என்றேன். அது உண்மை. முழு உண்மை இல்லை.

ஊருக்குத் திரும்புகிற வழியில் டாக்டரிடம் சொன்னேன். அவர் காரை ஓட்டிக்கொண்டே கேட்டார்: “ரெண்டு நாளா மறைக்கிறதுதான் பாவம்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க. இப்ப நீங்க மறைச்சது எந்த மலம்?”

பதிலுக்கு ஒரு பழைய விபத்தைச் சொன்னேன். 1974 டிசம்பர் 1ஆம் தேதி டி.டபிள்யூ.ஏ. 514ஆம் விமானம், வாஷிங்டன் டல்லஸ் நிலையத்தில் இறங்க வரும்போது வரைபடத்தையும் கட்டுப்பாட்டாளரின் சொல்லையும் தவறாகப் புரிந்துகொண்டு மலையில் மோதியது; 92 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்னால் அதே இடத்தில் அதே குழப்பத்தில் வேறொரு நிறுவனத்தின் விமானம் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். செய்தி அந்த வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை. 1976இல் நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானி, மெக்கானிக், கட்டுப்பாட்டாளர் யாரும் தான் செய்த பிழையை எழுதி அனுப்பலாம். படிவத்தின் மேல்பகுதியில் பெயரும் முகவரியும் உள்ள துண்டைக் கிழித்து, தேதி முத்திரை குத்தி எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறை எல்லோருக்கும் தெரியும், ஆள் யாருக்கும் தெரியாது. இதுவும் மறைத்தல்தான். ஆனால் குறை வெளியே வருவதற்காக ஆளை மறைக்கிறது. பசை, ஆளைக் காப்பாற்றுவதற்காகக் குறையை மறைத்தது. அப்பா சொன்ன இரண்டு மறைப்பும் எனக்கு இந்தக் கிழித்த துண்டை வைத்துத்தான் பிரிந்து தெரிந்தன.

கதவுப் பலகை விவகாரத்திலும் ஆளின் பெயர் பற்றிய இந்தக் கேள்வி வந்தது. 2024 மார்ச்சில், விசாரணை வாரியத் தலைவர் ஜெனிபர் ஹோமண்டி, கதவுப் பணிக்குழுவில் இருந்த 25 பேரின் பெயர்களை போயிங் தரவில்லை என்று செனட்டில் குறைபட்டார். சில நாளில் எழுதிய கடிதத்தில் அவரே, கடைநிலைத் தொழிலாளிகளின் பெயரிலேயே எல்லோர் கண்ணும் இருப்பது அவர்களைப் பேசவிடாமல் செய்துவிடும் என்று கவலைப்பட்டிருந்தார்.

டாக்டர் விடவில்லை. அந்த நாசா ஏற்பாட்டின் விதிகளை அவரும் விமானி உரிமம் வாங்கும்போது படித்தவர். அறியாமல் செய்த பிழைக்குத்தான் அங்கே சலுகை. வேண்டுமென்று செய்ததற்கு இல்லை. துளை வழுக்கியது அறியாமை. பசை வேண்டுமென்றே தடவியது. உங்களிடம் வந்து சொன்னவரே பசை தடவியவராக இருந்தால்? இன்னொரு விமானத்தில், நாம் பார்க்காத ஒன்றில், அவர் கை இருந்தால்?

இருக்கலாம். அதற்காகத்தான் அதே கையால் முடிக்கப்பட்ட மற்ற இறக்கைகளையும் திறந்து பார்க்க வேண்டும் என்று பட்டியலின் அடியில் எழுதி, அதற்குக் கையெழுத்து வாங்கினேன். எந்தெந்த இறக்கை என்று அவர்கள் பதிவேட்டில் இருக்கும். அதை எழுத எனக்கு ஒரு பெயர் தேவைப்படவில்லை. குழாயடியில் நான் பெயரைக் கேட்டு எழுதியிருந்தால், அடுத்த தொழிற்சாலையில், அடுத்த குழாயடியில் என் பக்கத்தில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள்.

பொறியாளர் வரைபடம் போட்டார், இரண்டு ரிப்புகளுக்கும் பட்டை வைத்துத் தைத்தார்கள், சீட்டுகள் காகிதத்தில் ஏறின. சில வாரம் கழித்து டாக்டர் விமானத்தை எடுத்தார். பூஜைக்கு நான் போக முடியவில்லை. ஆண்டுச் சோதனைக்கு என்னிடம்தான் கொண்டுவருகிறார். வந்ததும் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு இடது இறக்கைக்கு அடியில் போய்ப் படுத்து அந்த இரண்டு மூடிகளையும் தானே கழற்றுவார். கழற்றிக்கொண்டே, அந்த ஆள் துளை போட்டவரா, பார்த்தவரா என்ற கேள்வியை மறுபடி எடுப்பார். இந்த வருஷம் அப்பாவையும் போனில் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், நான் அதற்குள் எண்ணெய் மாற்றி முடித்துவிட்டேன்.